ஒன்பது படிவங்களில் ‘முன்பு போலவே’

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். எங்கள் மையத்தின் பெரியவர்கள் பிரிவு வராந்தா பெஞ்சில், மடியில் சிகிச்சைக்கு வருபவர்களின் வெள்ளை அட்டைகளை ஒரு கட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆலோசகர் முத்துமாரி. கையில் நோட்டு.

“அக்கா, இந்த நம்பர்ல யாரு எடுப்பா?”

“அது அவங்க பெரியப்பா. அவர்ட்ட கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லணும்.”

“இது?”

“இது அவளே எடுப்பா. ஆனா பக்கத்துல மாமியார் இருப்பாங்க. ‘ஜாக்கெட் தச்சாச்சு, வந்து வாங்கிக்கோங்க’ன்னு மட்டும் சொல்லு. வந்துருவா.”

அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஐந்தாறு அட்டை தாண்டிய பிறகு என் வாய் தானாக நின்றது. இதையெல்லாம் ஏன் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? தன்னை எந்தப் பெயர் சொல்லி, எந்த நேரத்தில், என்ன பொய் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை அந்தந்தப் பிள்ளையே ஒரு தாளில் எழுதி, அட்டையோடு பின் செய்து வைத்தால் என்ன? பதினோரு வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் இது தோன்றுகிறது. சந்தோஷப்படவே நேரமில்லை. அடுத்த அட்டையை எடுத்த முத்துமாரி, “இது ரியாஸ். இவனுக்கு என்னக்கா?” என்றாள்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எனக்கு வயது முப்பத்து மூன்று. ஓய்வு பெற்றவள் எழுதும் கட்டுரை என்றதும் நரைத்த தலையைத் தேடாதீர்கள். தென்காசியில் ஒரு அறக்கட்டளை நடத்தும் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் குழந்தைகள் பிரிவின் ஆலோசகராக இருந்தேன். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். காரணம் நல்ல காரணம். கர்ப்பத்திலேயே அம்மாக்களைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதால், எங்களிடம் கைக்குழந்தைகள் வருவது நின்றுபோனது. இருந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்கள் பிரிவுக்குப் போனார்கள். கடைசிப் பிள்ளையும் போனதும் என் நாற்காலிக்கு வேலை இல்லை. இப்படி ஒரு காரணத்துக்காக வேலை போனால் லட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். நான் வாங்கிக் கொடுத்தேன். எழுதச் சொன்னது முத்துமாரியும் அவள் வயதுப் பெண்கள் இரண்டு பேரும்தான். “நீங்க போனதுக்கப்புறம் யார்ட்டக்கா கேக்க?” என்றார்கள்.

படிப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் சமூகப்பணி, அதன்பின் கொஞ்ச நாள் பயிற்சி. பயிற்சியில் மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். ஒரு பத்து வயதுப் பையன் “நான் மட்டும் ஏங்க்கா தெனம் மாத்திர சாப்பிடணும்?” என்று கேட்டால் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

அதைச் சொல்லித்தந்தது எங்கள் டாக்டர் வசந்தா. சொல்லித்தந்தார் என்பதும் தப்பு. அவர் பாட்டுக்குச் செய்வார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருடைய அறையில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று. பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்வரை அது பிள்ளையைக் கூட்டிவந்தவரைப் பார்த்து இருக்கும். பத்து தாண்டியதும் நடுவில் நிற்கும். பதினைந்தானால் முழுசாகப் பிள்ளையின் பக்கம் திரும்பிவிடும். கூட வந்தவர் பதில் சொல்ல வாயெடுத்தால், டாக்டர் திரும்பாமலேயே கையை மட்டும் உயர்த்துவார். அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொல்வதற்கு அவர் நான்கு வருகை எடுத்துக்கொள்வார். முதல் வருகையில்: உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது. இரண்டாவதில்: அது நீ செய்த எதனாலும் வரவில்லை, பிறக்கும்போதே வந்தது. மூன்றாவதில் ஒன்றும் சொல்ல மாட்டார். பிள்ளை கேட்பதற்காகக் காத்திருப்பார். நான்காவதில்தான் அதன் பெயர். பெயரைச் சொன்னதும் எழுந்து போகவோ, அடுத்த டோக்கனைக் கூப்பிடவோ மாட்டார். அந்தப் பிள்ளை தானாக எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருப்பார். வெளியே கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுவதற்கும் அவருக்கு ஒரு முறை இருந்தது. மூன்று மாதம், மூன்று வருகை. முதல் தடவை நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய், டோக்கன் எடுக்கிற இடம், மருந்து ஜன்னல், அங்கே போன் பேசுகிற சுடலை அண்ணாச்சி என்று ஒவ்வொன்றாய்க் காட்ட வேண்டும். அண்ணாச்சியோடு பிள்ளை பத்து நிமிடமாவது பேச வேண்டும். இரண்டாம் தடவை பிள்ளை உள்ளே, நான் வெளியே. மூன்றாம் தடவை பிள்ளை மட்டும். அதோடு ஒரு மாற்றுப் படிவம். அச்சடித்த படிவத்தின் அடியில் டாக்டர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்து நகல் எடுத்து வைத்திருந்தார்: ‘போனை எடுப்பவர் யார், என்ன சொல்லிப் பேச வேண்டும்.’

அந்த வரி எதற்கு என்றால், எங்கள் வேலையில் பாதி போனில்தான் நடந்தது. மாத்திரை வாங்கும் தேதி தவறினால் கூப்பிட வேண்டும். ஆனால் மையம் என்று சொல்லக்கூடாது, மாத்திரை என்று சொல்லக்கூடாது. பிள்ளைகளிடம் சொந்தப் போன் கிடையாது. வீட்டில் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும், போனோ நாலு கை மாறும். ஆகவே ஆளுக்கொரு வேஷம் போட்டேன். சுரண்டைப் பையனுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ். வீரகேரளம்புதூர் அக்கா தம்பிக்கு கேஸ் ஏஜென்சி. யார் எடுத்தாலும் சந்தேகம் வராது, உரியவருக்குப் புரியும். ஒரு தடவை சுரண்டைத் தாத்தா போனை எடுத்து, “யம்மா, எம் பேத்தியும் பன்னெண்டாவது முடிச்சிட்டு சும்மாத்தான் இருக்கா. அவளையும் கிளாஸ்ல சேத்துக்கிடுதியளா?” என்று கேட்டுவிட்டார். இடம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க நான் பட்ட பாடு!

இந்த வேஷங்கள் எல்லாம் என் தலையில் இருந்தன. எழுதி வைக்கவில்லை. எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று டாக்டரிடம் சொல்வேன். உண்மை என்னவென்றால், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

ரியாஸ். பெயரை மாற்றியிருக்கிறேன். அம்மாவும் அத்தாவும் இல்லை. அம்மாவின் தங்கை வளர்த்தார். அவன் அவரைச் சாச்சி என்பான், அவர் கணவரைச் சாச்சா என்பான். சாச்சா வளைகுடாவில். வீட்டில் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். ரியாஸின் விஷயம் சாச்சி ஒருவருக்குத்தான் தெரியும், புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை. அவர்களுக்கு நான் போட்ட வேஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். ‘புது புக் வந்திருக்கு’ என்றால் மாத்திரை தேதி. சாச்சிக்கு அது பிடித்துப்போய், மையத்துக்குள் வந்தாலும் என்னை “டீச்சர்” என்றே கூப்பிடுவார்.

“டீச்சர், ஒங்க ஸ்டூடண்டுக்கு இங்கிலீஷ் மட்டும் ஏறவே மாட்டேங்குது பாத்துக்கிடுங்க” என்பார். ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். ஒரு மாத்திரை தவறவிட்டதில்லை. மாத்திரைக்கு அடங்கி ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லை என்று ஒவ்வொரு சோதனையும் சொன்னது.

அந்த வருடம் ஒன்பது பேருக்குப் பதினெட்டு முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பிள்ளைகள் பதினெட்டைத் தொடுவார்கள் என்று, அவர்கள் பிறந்தபோது எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? இதைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது? வேன் பிடித்தேன். ஒன்பது பேரையும் ஒரே சனிக்கிழமை மாற்றிவிட்டு, நேரே குற்றாலம் போகத் திட்டம்.

“மூணு மாசம் இருக்கே, என்ன அவசரம்?” என்றார் டாக்டர்.

“சீசன் முடிஞ்சிரும் டாக்டர். அருவியில தண்ணி இருக்கும்போதே கூட்டிட்டுப் போகணும்.”

“படிவத்துல கடைசி வரி எழுதியாச்சா?”

“எழுதியாச்சு டாக்டர்.”

எழுதியிருந்தேன்தான். ஒன்பது படிவத்திலும் ஒரே பதில்: ‘முன்பு போலவே.’ வேன் டிரைவர் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்குச் சனிக்கிழமை விடுமுறை. பிள்ளைகள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை எனக்கு வேறு நூறு வேலை வந்தது.

ஐந்தருவியில் சாரல் முகத்தில் குத்தியது. பையன்கள் பாறையோடு ஒட்டி நின்று, தண்ணீர் அடிக்கிற அடியில் காது கேட்காமல் கத்தினார்கள். ரியாஸ் ஈரத்தோடு வந்து மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு கேட்டான்: “இனிமே நீங்க போன் பண்ண மாட்டீங்களாக்கா?”

“அண்ணாச்சி பண்ணுவாருலே. நல்ல மனுஷன்.”

“அவருக்கும் இங்கிலீஷ் கிளாஸ்தானா?”

“ஆமாலே ஆமா. போய்க் குளி.”

பெரியவர்கள் பிரிவு வேலைநாட்களில்தான் உண்டு. ரியாஸ் அப்போது குற்றாலத்தில் ஒரு பழக்கடையில் வேலை பார்த்தான், அங்கேயே தங்கியிருந்தான். வாரநாளில் கடைக்கு அவன் ஒருவன்தான், முதலாளி விடவில்லை. தேதி தவறியது. சனிக்கிழமை கடையில் கூடுதல் ஆள் உண்டு; குழந்தைகள் பிரிவு போல அன்றைக்கு என்றால் வந்திருப்பான். சின்ன விஷயம்தான். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் சாச்சி மையத்துக்கு ஓடிவந்தார். லீவில் வந்திருந்த சாச்சாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. ரியாஸுக்காக ஏற்பாடு செய்துகொண்டிருந்த விசாவை நிறுத்தினார். அவனை வரச்சொல்லி, “எனக்கு எல்லாந் தெரியும்லே. பொம்பளப் பிள்ளைய இருக்குற வீடு” என்று மட்டும் சொன்னார். அவன் பையை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

“யாரு சொன்னான்னு தெரியலியே டீச்சர். நான் வாயத் தொறக்கல. அல்லாமேல ஆணையா வாயத் தொறக்கல.”

மூன்று வாரம் தேடினேன். பழக்கடைப் பையன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் ஒரு பரோட்டாக் கடை. ரயிலேறிப் போனேன். கல்லாவில் இருந்தவர், “சேச்சி ஆரா?” என்று நான் யார் என மலையாளத்தில் கேட்டார். ரியாஸுக்கு அக்கா என்றேன். ரியாஸ் மாவுக்கையோடு வெளியே வந்தான்.

“எதுக்கு வந்திய?”

“மாத்திர இருக்கா ரியாஸ்?”

“இல்ல.”

“எத்தன நாளா?”

“எண்ணல. எதுக்குச் சாப்பிடணும்? சாச்சா முன்னாடி நின்னேம்லாக்கா. அவரு கண்ணு என் கையவே பாத்துட்டு இருந்துச்சு. அப்பத்தான் சின்னப் பிள்ளைக்கு டிவி ரிமோட்டு எடுத்துக் குடுத்த கைய.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: “சாச்சிய நான் அம்மான்னு நெனச்சேன். அவங்களே சொல்லிட்டாங்க. அவங்களத் தவிர யாருக்குத் தெரியும்?”

இங்கேதான் நான் இரண்டாவது தவறைச் செய்தேன். “வேணும்னு சொல்லியிருக்க மாட்டாங்க ரியாஸ். புருஷன் கேக்கும்போது வாய் தவறியிருக்கும்” என்றேன். சமாதானம் செய்வதாக எண்ணம். அவன் மனதில் ஒரு சந்தேகமாக இருந்ததை நான் முத்திரை குத்திக் கொடுத்தேன். ஏனென்றால் நானும் அதைத்தான் நம்பினேன். எங்கள் மையத்திலிருந்து போயிருக்கும் என்று என் புத்தியில் படவே இல்லை.

அங்குள்ள மையத்தில் சேர்வதற்குக் கடிதம் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தான். இன்னும் இரண்டு தடவை போனேன். சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். அங்கே விசாரித்தால் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள். பிறகு போன் எடுப்பதை நிறுத்தினான். இந்த மூன்று வருடத்தில் சாச்சியோடு ஒரு வார்த்தை இல்லை. பரோட்டாக் கடைக்காரரை மட்டும் அவ்வப்போது கூப்பிடுவேன். போன மாதம், “ஆளு இங்கதான் உண்டு. சும அதிகமாயிட்டு” என்றார். சும என்றால் இருமல். மாத்திரை இல்லாத உடம்பில் இருமல் என்றால் அது காசநோயாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ரியாஸின் அட்டையைப் பிடித்தபடி முத்துமாரி கேட்டாள் அல்லவா, இவனுக்கு என்ன என்று.

“சாச்சி எடுப்பாங்க. ஸ்போக்கன் இங்கிலீஷ்னு சொல்லணும். ஆனா அவன் இப்ப வாரதில்ல.”

அவள் அட்டையோடு இருந்த படிவத்தைப் பார்த்தாள். ‘முன்பு போலவே’ என்பதைப் படித்தாள். வேறெந்த எண்ணமும் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்: “அப்பம் அண்ணாச்சி என்னன்னு சொல்லிக் கூப்பிட்டாரு?”

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் எனக்கு அது தெரியவில்லை, தெரியவில்லை என்பதுகூடத் தெரியவில்லை. எழுந்துபோய் அந்த வருடத்துப் போன் பதிவேட்டை எடுத்தேன். அண்ணாச்சியின் குண்டு எழுத்து. ரியாஸ் பெயர், சாச்சியின் நம்பர், எதிரே: ‘அவரே பேசினார். நாளை வருகிறேன் என்றார்.’

அன்றைக்கு ரியாஸ் குற்றாலத்தில் பழக்கடையில் இருந்தான். போன் சாச்சியின் வீட்டில் இருந்தது. சாச்சா லீவில் இருந்தார்.

அண்ணாச்சி மருந்து ஜன்னல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். பதிவேட்டை அவர்முன் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

“முறப்படிதான் தாயி பேசினேன். பேரு கேக்காம நான் ஒரு வார்த்த பேச மாட்டேன், ஒனக்கே தெரியும். ‘ரியாஸா’ன்னேன். ‘ஆமா, சொல்லுங்க’ன்னாரு. ‘மாத்திர வாங்க வரலியே தம்பி, எச்.ஐ.வி. மாத்திரய இப்பிடி விடலாமா’ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பெறவு நாள வாரேன்னு வச்சிட்டாரு.” அவருக்கே ஏதோ உறைத்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தார். “கொரலு கொஞ்சம் தடிமனாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பய கொரல நான் கேட்டதே இல்லியே தாயி. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே.”

அவர் விதிப்படி நடந்தார். பெரியவர்கள் பிரிவில் ஆளின் பெயரைக் கேட்டு உறுதி செய்துவிட்டுப் பேசுவதுதான் விதி. பெரியவர்கள் தங்கள் போனைத் தாங்களே எடுப்பார்கள். குழந்தைகள் பிரிவிலோ நாங்கள் பெயரையே கேட்க மாட்டோம். இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே இருந்தது ஒரு முற்றமும் ஒரு வரியும்தான். அந்த முற்றத்தில் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போக வேண்டியவள் நான், அந்த வரியை எழுத வேண்டியவளும் நான். மற்ற எட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அது அவர்களுடைய நல்ல நேரம். என் சாமர்த்தியம் இல்லை.

வியாழக்கிழமை சாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் நைட்டி தைத்துக்கொண்டிருந்தார். சாச்சா திரும்ப வளைகுடா போய் வெகுநாள் ஆகிறது. “வாங்க டீச்சர்” என்றவர், நான் பேசப் பேச மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார். ‘அவரே பேசினார்’ என்ற இடத்தில் மிதிப்பது நின்றது.

“அப்ப, நாந்தான் சொன்னேன்னு இத்தன வருசமா அவன் நெனச்சிட்டிருக்கானா?”

“ஆமா.”

“நீங்களும் அப்பிடித்தான் நெனச்சியளா டீச்சர்?”

“நானும்தான்” என்றேன். அவர் துணியை ஊசியிலிருந்து உருவி, நூலை வெட்டி, மடித்து வைத்தார். நீண்ட நேரம் மடித்தார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

“என்னயத் திட்டுறதுக்காச்சும் அவன் ஒரு போன் பண்ணிருக்கலாம்” என்றார். பிறகு, “இருமல்னு சொன்னியளே, ராத்திரி தூங்குதானாமா?” என்றார்.

தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இரண்டு பேரும் போகிறோம். சாச்சி புனலூர் ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருப்பார். கடைக்கு முதலில் நான் மட்டும் போவேன், காலைக் கூட்டம் ஓய்ந்து மதியக் கூட்டம் தொடங்காத நேரமாகப் பார்த்து. இந்தத் தடவை மாத்திரையில் தொடங்கப் போவதில்லை. கடிதத்தையும் நீட்டப் போவதில்லை. “சாச்சி சொல்லலை ரியாஸ். நான்தான் எழுதாம விட்டேன்” என்பதுதான் முதல் பேச்சு. அவன் கத்தினால் கத்தட்டும். கடைக்கு முன்னால் ஆட்கள் கூடினாலும் நின்று கேட்க வேண்டும், இடையில் பேசக்கூடாது. அவன் முடித்த பிறகு, சாச்சி வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். வருவானா என்று தெரியாது. திரும்புகிற ரயில் சாயங்காலம்தான். அதுவரை பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சாச்சி சொல்லியிருக்கிறார்.